போட்டிக்கு வந்த பாய்மரப் படகுப் படம்: ஒட்டுவேலையா?

அலைவரிசை:
ஒரு புகைப்படப் போட்டிக்கு நடுவராக இருக்கிறேன். படகோட்டம் எனக்குப் பழக்கமில்லாத துறை. இறுதிச் சுற்றில் வந்த படம் இது: வலப்பக்கம் போகும் பந்தயப் படகு ஒன்று நன்றாகச் சாய்ந்தபடி முன்னால், அதே வகைப் படகு இன்னொன்று தூரத்தில், மேலே கருமேகம். படகின் பின்முனைக் கொடி ஒரு திசையில் பறக்கிறது, கரையிலுள்ள கொடி வேறு திசையில். அதனால்தான் சந்தேகம். ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாயிற்று, ஒன்றும் சிக்கவில்லை. வேறு எதைப் பார்க்கலாம்?

ஒளிப்பெட்டி:
மெட்டாடேட்டாவை, அதாவது படக்கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும் விவரங்களைத் திறந்து பாருங்கள். எந்த மென்பொருளில் சேமித்தார்கள் என்பது சில சமயம் அதிலேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததென்றால் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது.

கயிற்றுமுடிச்சு:
பந்தயங்களில் மீட்புப் படகில் உட்கார்ந்து படம் எடுக்கிறவன் நான். கொடியை வைத்து அவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். ஓடும் படகின் மேல் உண்மைக் காற்றோடு, படகின் வேகம் உண்டாக்கும் எதிர்காற்றும் சேர்ந்து படுகிறது. பக்கவாட்டுக் காற்றில் ஓடும் படகின் கொடி, கரைக்கொடியைவிடப் பின்பக்கமாகப் பறப்பதுதான் இயல்பு. இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால்தான் எனக்கு உறுத்தும்.

நான் முதலில் பார்ப்பது தொடுவானம். அந்தக் கோடு கேமராவின் உயர மட்டத்தில்தான் நிற்கும். கேமரா நீரிலிருந்து 2 மீட்டர் மேலே இருந்தால், பக்கத்துப் படகானாலும் 400 மீட்டர் தள்ளியிருக்கும் படகானாலும், அதனதன் நீர்க்கோட்டிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில்தான் கோடு வெட்டும். லென்ஸ் எதுவாக இருந்தாலும் இது மாறாது. முன்படகில் உட்கார்ந்திருப்பவரின் தோளில் வெட்டுகிற கோடு, பின்படகில் பாய்மரத்தின் பாதியில் வெட்டினால், அந்தப் படகு வேறு படத்திலிருந்து வந்தது, இல்லை அளவு மாற்றப்பட்டது. அலை தூக்கி இறக்குவதற்காகக் கொஞ்சம் முன்னே பின்னே விட்டுக்கொடுங்கள்.

அப்புறம் பாயிலுள்ள எண். பந்தய விதிப்படி பொதுவாக ஸ்டார்போர்டு (முன்முனையைப் பார்த்து நின்றால் வலது) பக்கத்து எண் மேலேயும் போர்ட் (இடது) பக்கத்து எண் கீழேயும் இருக்கும். படத்தை இடவலம் புரட்டி, எண்ணை மட்டும் நேராக்கி ஒட்டுகிறவருக்கு இந்த உயர வித்தியாசம் தெரிந்திருக்காது. உங்கள் படகு வலப்பக்கம் போகிறது, ஆகவே நமக்குத் தெரிவது ஸ்டார்போர்டு பக்கம். பின்னொளியில் இரண்டு எண்களும் தெரிந்தால், மேல் எண் நேராகவும் கீழ் எண் கண்ணாடிப் பிம்பம் போலவும் இருக்க வேண்டும்.

கடைசியாக, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள். வானத்தை மாற்றும்போது மென்பொருள் முதலில் தின்பது இவற்றைத்தான். உச்சியிலிருந்து தளம்வரை ஒவ்வொரு கம்பியாகக் கண்ணால் தொடர்ந்து வாருங்கள். பாதியில் காணாமல் போய் மறுபடி முளைக்கும். இல்லையென்றால் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் பழைய வானம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வானத்தை மாற்றுவது ஒன்றும் புது வித்தை இல்லை. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகடிவ், வானுக்கு ஒரு நெகடிவ் என்று எடுத்துத் தொடுவானத்தில் இணைத்தார்!

அலைவரிசை:
தொடுவானம் இரண்டு படகிலும் சரியாக வெட்டுகிறது. எண்ணும் சரி. ஆனால் கம்பியில் மாட்டிக்கொண்டார். பக்கக் கம்பிக்கும் பாய்மரத்துக்கும் நடுவே ஊசிபோல ஒரு வெளிர்நீலத் துண்டு, சுற்றிலும் கருமேகம். படகோட்டியின் நிழலும் பாயில் கூர்மையாக விழுந்திருக்கிறது.

கயிற்றுமுடிச்சு:
நிழலை மட்டும் நம்ப வேண்டாம். மேகத்துக்கு அடியில் வெயில் எட்டிப்பார்க்கும் நேரமும் உண்டு. நீரைப் பாருங்கள். தலைக்குமேல் அப்படி மேகம் கவிந்திருந்தால் அலைச்சரிவுகள் ஈயநிறத்தில் இருக்கும். பளீரென்ற நீலமாக இருந்தால் வானம்தான் புதிது, படகுகள் நிஜம்.

ஒளிப்பெட்டி:
இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அவரிடமே ரா கோப்பை, அதாவது கேமரா பதிவுசெய்த திருத்தப்படாத மூலக் கோப்பைக் கேட்டுவிடுங்கள். அதோடு அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களையும். பந்தயத்தில் ஒரே ஒரு கிளிக்கோடு நிறுத்துகிறவரை நான் பார்த்ததில்லை.