28 மி.மீ. அளவில் செஞ்சிக் கோட்டைச் சுவர்: ஃபோமில் கருங்கல்லைக் கொண்டுவருவது எப்படி?

திண்டிவனம் பாலா

எல்லோருக்கும் வணக்கம். கர்நாடகப் போர்க் காலத்தை (18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதிக்கொண்ட போர்கள்) பொம்மைப் படைகளை வைத்து மேசைமேல் ஆடத் தொடங்கியிருக்கிறேன். 1750 செப்டம்பரில் தளபதி புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை இரவோடு இரவாகச் செஞ்சியைப் பிடித்ததுதான் முதல் ஆட்டம். சிப்பாய்கள், பிரெஞ்சு வீரர்கள், குதிரைக்காரர்கள் எல்லாம் 28 மி.மீ. உயரப் பொம்மைகள், பெயின்ட் அடித்துத் தயார். கோட்டைதான் பாக்கி.

செஞ்சிக் கோட்டையின் முக்கிய மலையான ராஜகிரி முழுவதையும் செய்யும் எண்ணமில்லை. மலை சுமார் 240 மீட்டர் உயரம், இந்த அளவுக்குச் சுருக்கினாலும் நாலு மீட்டரைத் தாண்டிவிடும். அடிவாரத்து மதிலில் ஒரு துண்டு, ஒரு வாசல், மதில் போய்ப் பாறையில் முட்டுகிற ஒரு மூலை, இவ்வளவு போதும்.

ஒரு அடி நீளத்துக்கு மாதிரி செய்து பார்த்தேன். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிற முறைதான்: எக்ஸ்பிஎஸ் ஃபோமில் (தெர்மாகோலைவிட இறுக்கமான ஃபோம் பலகை) கோடு கீறி, அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அதன்மேல் உருட்டி, முழுக்கக் கறுப்படித்து, மேலே சாம்பல் நிறத்தில் ட்ரை பிரஷ் (பிரஷில் பெயின்ட்டைத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் படும்படி தடவுவது). வேலை சுத்தமாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் யாரிடம் காட்டினாலும் இங்கிலாந்துக் கோட்டை என்றுதான் சொல்கிறார்கள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய சுவர் இது. இதைக்கூடச் சரியாகக் கொண்டுவர முடியாதா என்று இருக்கிறது.

எங்கே மாறுகிறது? கல்லின் அளவா, மேற்பரப்பா, நிறமா? கறுப்பு அடித்தளம் கட்டாயமா? பாறைகளுக்கும் இதே ஃபோம்தானா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

அட்டைக்கோட்டை

ஃபோம் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதற்கு மதுரை அண்ணன் வருவார். எக்ஸ்பிஎஸ்ஸிலேயே மெத்தென்று இருப்பதும் உண்டு, இறுக்கமாக இருப்பதும் உண்டு. நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொசுக்கென்று உள்ளே போனால் அது சின்னக் கல் செதுக்க ஆகாது. மொட்டைமாடிக்கு வெப்பத் தடுப்பு போடுகிறவர்களிடம் இறுக்கமான பலகையின் வெட்டுத் துண்டுகள் கிடைக்கும். மேலே வழுவழுப்பான தோல் இருந்தால் உரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் பிடிக்காது.

பேப்பர் கட்டர் பிளேடை அடிக்கடி உடைத்துப் புது முனை எடுங்கள். மழுங்கின பிளேடு ஃபோமை வெட்டாது, பிய்க்கும்.

மதுரை மாடல்காரன்

பாலா தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை நன்றாக இருக்கிறது. நீங்கள் செய்தது மணற்கல் சுவர். செஞ்சி கருங்கல். வீடியோவில் காட்டுகிறவர்கள் அவர்கள் ஊர்க் கல்லை அவர்கள் ஊர் வெளிச்சத்தில் பார்த்துச் செய்கிறார்கள், அவர்களுக்கு அது சரி. நமக்கு வேண்டியது வேறு. நான் கட்டட மாடல் செய்து பிழைக்கிறவன், கோயில் மதில்களும் செய்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அளவு. 28 மி.மீ. பொம்மை என்றால் ஏறக்குறைய 1:56. ஒரு அடி ஐந்தரை மி.மீ. ஆகும். இரண்டடி நீளக் கல் 11 மி.மீ. வரும். உங்கள் சுவரில் எல்லாக் கல்லும் 6 மி.மீ. அளவில், ஒரே உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் செங்கல் வரிசை போலவும் தெரிகிறது. அடி வரிசைகளைப் பெரிதாக்குங்கள், 8 முதல் 10 மி.மீ. உயரம், நீளம் 12இலிருந்து 20 வரை மாறி மாறி வரட்டும். மேலே போகப் போகச் சின்னதாக்குங்கள். வரிசைக்கு வரிசை உயரம் கொஞ்சம் மாறலாம், ஆனால் ஒரு வரிசைக்குள் மேல் கோடு நேராகப் போக வேண்டும். நம் ஆள்கள் வரிசைகளுக்கு நடுவே படுக்கையாக ஓடும் கோட்டை நூல் பிடித்துத்தான் கட்டினார்கள். மேல் வரிசை மூட்டும் (கல்லும் கல்லும் சேரும் இடம்) கீழ் வரிசை மூட்டும் ஒரே நேர்கோட்டில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டுதான் இதில் உயிர். ஐரோப்பியச் சுவர்களில் கல்லுக்கு நடுவே காரை அகலமாகத் தெரியும், வீடியோவில் அதைத்தான் பால்பாயின்ட் பேனாவால் அகலமாக இழுக்கிறார்கள். நன்றாகக் கொத்திய கருங்கல்லை ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் மூட்டு ஒரு மயிரிழை நிழல்தான். பிளேடால் 1 மி.மீ. ஆழத்துக்கு லேசாகக் கீறுங்கள். பிறகு மைதீர்ந்த பேனா முனையை அந்தக் கீறலுக்குள் ஒரே ஒரு தடவை, அழுத்தாமல் ஓட்டுங்கள். கீறாமல் நேராகப் பேனாவை வைத்தால் ஃபோம் கிழிந்து நூல் நூலாக எழும்பும். நாலைந்து இடத்தில் மட்டும் கல்லின் முனையைப் பிளேடு நுனியால் கிள்ளி எடுங்கள், அங்கே நிழல் தேங்கும். எல்லாக் கல்லிலும் முனை உடைத்தால் பாழடைந்த வீடு ஆகிவிடும்.

மூலைக்கு வந்தால் கோட்டை நிறுத்தாமல் அடுத்த பக்கத்துக்குத் திருப்புங்கள். ஒரு வரிசையில் கல்லின் நீளப் பக்கம் தெரிந்தால் அடுத்த வரிசையில் குட்டைப் பக்கம் தெரிய வேண்டும். உங்கள் படத்தில் இரண்டு சுவரும் தனித்தனியாகக் கீறி ஒட்டினவை, மூலையில் வரிசைகள் அரை மி.மீ. தள்ளி நிற்கின்றன. கண் அதைத்தான் முதலில் பிடிக்கிறது. ஒட்டி, காய்ந்து, மூலையைத் தேய்த்த பிறகு கீறுங்கள்.

அடுத்தது மேற்பரப்பு. அலுமினிய உருண்டையைத் தூரப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது தருவது மடிப்பு மடிப்பான தடம், கருங்கல் அப்படி இருக்காது. வீடு கட்டுகிற இடத்தில் முக்கால் இஞ்சு ஜல்லி கிடக்குமே, அதில் புதிதாக உடைந்த முகம் உள்ள கல் ஒன்றை எடுத்து ஃபோமில் அழுத்துங்கள், உருட்ட வேண்டாம். திருப்பித் திருப்பி, இடம் மாற்றி மாற்றி. கருங்கல்லின் பரலான தடம் அப்படியே பதியும். இரண்டு மூன்று கற்களை மாற்றிப் பயன்படுத்தினால் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வராது. அப்புறம் ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கற்களை அரை மி.மீ. உள்ளே தள்ளுங்கள்.

இன்னொன்று. நம் ஊர்க் கருங்கல்லைப் பிளக்க வரிசையாகக் குழி கொத்தி ஆப்பு இறக்குவார்கள். மாமல்லபுரத்துப் பாறைகளில் அந்தக் குழி வரிசை இன்றும் பளிச்சென்று தெரியும். கல் பிளந்ததும் அந்தக் குழிகள் விளிம்பில் பாதிப் பாதியாக, பல் வரிசைபோல நிற்கும். இருபது கல்லுக்கு ஒன்றில், மேல் விளிம்பில் மட்டும், ஊசி முனையால் 1 மி.மீ. இடைவெளி விட்டு நாலைந்து குத்து குத்திவிடுங்கள். தூரத்தில் தெரியாது. பொம்மையை நகர்த்தக் குனிகிறவர் கண்ணில் படும்போது, அது எந்த ஊர்ச் சுவர் என்று கேட்க மாட்டார்.

இனி நிறம். உங்கள் சுவர் ஊர் மாறிப்போனதற்குப் பாதிக் காரணம் இதுதான். கறுப்பு அடித்து வெள்ளைச் சாம்பல் ட்ரை பிரஷ் போட்டால் வருவது நீலம் கலந்த குளிர்ச்சியான சாம்பல். செஞ்சிக் கல்லில் வெயில் ஏறிய மஞ்சளும் பழுப்பும் இருக்கிறது, சில கல்லில் மங்கலான ரோஸ் நிறமும் இருக்கிறது. கறுப்பு அடித்தளம் கட்டாயமில்லை. ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர், பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) அக்ரிலிக் கலந்து இரண்டு கை மெல்லிசாக அடியுங்கள், ஃபோமுக்குத் தோலும் ஆச்சு, மூட்டுக்குள் பழுப்பு நிழலும் ஆச்சு. கெட்டியாக அடித்தால் ஜல்லித் தடம் மூடிவிடும்.

அதன்மேல் நடுத்தரச் சாம்பல்: வெள்ளை, கறுப்பு, கூடவே எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) தாராளமாக. மூட்டுக்குள் இறங்காமல் பக்கவாட்டில் பிரஷை வைத்து இழுங்கள். காய்ந்ததும் அதே சாம்பலை மூன்று கிண்ணமாகப் பிரித்து, ஒன்றில் இன்னும் ஆக்கர், ஒன்றில் துளி சிவப்பு, ஒன்றில் துளி கறுப்பு சேர்த்துத் தண்ணீராக்கி, தனித்தனிக் கல்லுக்கு இடுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கல்லுக்கு ஒரே நிறம் வேண்டாம். முதலில் கண்றாவியாக இருக்கும். பயப்படாமல் அடுத்ததுக்குப் போங்கள். பர்ன்ட் அம்பரும் கறுப்பும் நீர்க்கக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சுவரைப் படுக்கவைத்து மேலே ஓடவிடுங்கள். காய்ந்ததும் எல்லாம் ஒரே குடும்பமாகச் சேர்ந்துவிடும். ட்ரை பிரஷ் கடைசியில், தந்த நிறத்தில், மேல் விளிம்புகளுக்கு மட்டும், அதுவும் வேண்டுமா வேண்டாமா என்கிற அளவுக்கு.

அதற்குப் பிறகுதான் நம் ஊர் மழை. திறந்தவெளிக் கருங்கல்லில் மழைத்தண்ணீர் வழிகிற தடத்தில் பாசி படிந்து, வெயிலில் காய்ந்து, கறுப்புப் பட்டையாக நிற்கும். நீங்கள் அடித்த கறுப்பு மூட்டுக்குள் இருக்கிறது, நிஜத்தில் கறுப்பு கல்லின் முகத்தில், மேலிருந்து கீழே இறங்குகிறது. சுவரை நிமிர்த்தி வையுங்கள். நீர்த்த கறுப்பை உச்சியில் ஞாயில்களுக்கு (மதில் உச்சியில் பல் வரிசைபோல நிற்கும் மேடுகள்) நடுவே தொட்டு, உடனே ஈரமான சுத்தப் பிரஷால் கீழே இழுங்கள். மேலே அகலம், கீழே போகப் போக மெல்லிசு. சில பட்டை பாதியில் நின்றுவிடட்டும், சில அடிவரை வரட்டும்.

கலா, திருச்சி

மதுரை அண்ணன் சொன்னதற்கு மேல் சுவரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நான் பள்ளிக் கண்காட்சிக்கும் கொலுவுக்கும் மலை செய்கிறவள், பாறைக்கு வருகிறேன்.

பாறைக்கு எக்ஸ்பிஎஸ் வேண்டாம், காசு தண்டம். சாதாரணத் தெர்மாகோல் போதும். செஞ்சி மலை உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினமாதிரி இருப்பது. கருங்கல் பாறை வெங்காயச் சருகு உரிவதுபோல் வளைவு வளைவாக உரியும், அதனால் முனை இருக்காது. தெர்மாகோலை உடைத்து, உப்புத்தாளால் உருட்டி, மேலே செய்தித்தாளை ஃபெவிகாலில் ஒட்டி, வால் புட்டி ஒரு பூச்சு. காய்வதற்கு முன் ஈரப் பஞ்சால் ஒத்தி எடுத்தால் மணி மணியான பரப்பு கிடைக்கும். ஓரிரு இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய ஏடு உரிந்த படியைக் கத்தியால் காட்டுங்கள்.

சுவர் பாறையில் முட்டும் இடத்தில் பாறையை வெட்டாதீர்கள். பாறையின் வளைவைக் காகிதத்தில் வரைந்து எடுத்து, சுவரை அதற்கேற்ப வெட்டிப் பொருத்துங்கள். அங்கே சின்னச் சின்னச் சில்லுக் கற்கள் வைத்து அடைத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயமும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லவில்லை. ஸ்ப்ரே பெயின்ட் நேராக ஃபோமில் பட்டால் கரைந்துவிடும். ஃபெவிக்விக்கும், செருப்பு ஒட்டுகிற ரப்பர் பசையும் அப்படியே. சூட்டுக் கம்பியால் வெட்டுவதாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை வந்தால் கம்பி அளவுக்கு மேல் சூடு என்று அர்த்தம், குறையுங்கள். தேய்க்கும்போது முகமூடி போடுங்கள். அந்தத் தூள் மூக்கில் போனால் நல்லதில்லை.

திண்டிவனம் பாலா

அண்ணா, அக்கா, மிக்க நன்றி. மூலைக் கோடு தள்ளி நிற்பது நீங்கள் சொன்ன பிறகுதான் தெரிகிறது, இப்போது வேறெதுவும் தெரியவில்லை!

இரண்டு சந்தேகம். இன்று மதிலில் அரசங்கன்றும் புல்லும் முளைத்திருக்கிறது. என் ஆட்டம் 1750. வைக்கலாமா? அப்புறம், என் துண்டு காய்ந்ததும் லேசாக வளைந்துவிட்டது.

மதுரை மாடல்காரன்

வளைவதற்குக் காரணம் ஒரு பக்கம் மட்டும் பூசியது. பின்பக்கமும் அதே ஃபெவிகால் பூச்சைக் கொடுங்கள். அடியில் 3 மி.மீ. சன்போர்டு (விளம்பரப் பலகைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் அட்டை) ஒட்டி, காயும்வரை மேலே கனமான புத்தகங்களை ஏற்றி வையுங்கள்.

அரசங்கன்று வேண்டாம். 1750இல் அது ஆள் இருந்த கோட்டை, காவல் நிற்கிற மதிலில் மரக்கன்றை வளரவிட மாட்டார்கள். வேர் மூட்டைப் பிளந்துவிடும் என்று எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். அடிவாரத்தில் காய்ந்த புல் போடுங்கள், அதிலும் செப்டம்பர் என்பதால் கொஞ்சம் பச்சை கலக்கலாம். மழைக் கறை தாராளமாக இருக்கட்டும். 1677இல் சிவாஜி பிடித்தபோதே அது பழைய கோட்டை, பிறகு 1690களில் முகலாயர் வருடக்கணக்காக முற்றுகை போட்டார்கள். அதனால் ஓரிரு இடத்தில் பழுது பார்த்த தடம் காட்டலாம்: பழைய பெரிய கல் வரிசைக்கு நடுவே சின்னக் கற்களால் அடைத்த ஒரு பகுதி, கறை குறைவாக, நிறம் கொஞ்சம் வெளுப்பாக. ஏணி சாத்துகிறவர்களுக்கு அந்த இடத்தில் ஏறுவது எளிது என்று ஆட்ட விதியிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

வாசலுக்குக் கீறுவதற்கு முன் ஒரு தடவை செஞ்சிக்குப் போய், காலை எட்டு மணி வெயிலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் மூட்டு நன்றாகத் தெரியும். பக்கத்தில் யாரையாவது நிறுத்தி எடுங்கள், கல்லின் அளவு அப்போதுதான் பிடிபடும். படத்தை இங்கே போடுங்கள், நிறத்தைச் சேர்ந்து பார்ப்போம்.