முதல் மெயில்லயே விசா பேச்சை எடுக்கலாமா?

சிங்காநல்லூரான்: வணக்கமுங்க. மெக்கானிக்கல் முடிச்சுட்டு கோயமுத்தூர்ல பம்பு கம்பெனி மெஷின் ஷாப்ல சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர்ல ஓடற மெஷினுக்குப் புரோகிராமிங் பண்றேன். ஜெர்மனி, பிரிட்டன் ரெண்டு நாட்டுக்கும் வேலை கேட்டு மெயில் போடப் போறேன். விசா வேணும்ங்கறதை முதல் மெயில்லயே எழுதறதா, இன்டர்வியூ வரைக்கும் பேசாம இருக்கறதா?

அன்னூர்க்காரன்: எழுதாதீங்க தம்பி. படிக்கறவரு முதல்ல உங்க வேலையைப் பாக்கணும். மெஷின் கன்ட்ரோலர் ஃபானுக்கா சீமென்ஸா, என்ன மெட்டீரியல், எத்தனை மைக்ரான் டாலரன்ஸ்ல ஓட்டுனீங்க, அதைச் சொல்லுங்க. விசான்னு கண்ணுல பட்டா அடுத்த மெயிலுக்குப் போயிருவாங்க. ஆளைப் புடிச்சுப் போச்சுன்னா மிச்சத்தை அவங்களே பாத்துக்குவாங்க.

பனியன் கம்பெனி எச்ஆர்: பிரிட்டனுக்கு அது ஆகாதுங்ணா. அங்க ஸ்பான்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டு ஆளை எடுக்க அரசாங்கம் தர்ற அனுமதி, இல்லாத கம்பெனி, உங்களை எவ்வளவு புடிச்சாலும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுல எடுக்க முடியாது. லைசென்ஸ் இருக்கற கம்பெனிகளோட பட்டியலை அந்த அரசாங்கமே நெட்ல போடுது.

நானும் திருப்பூர்ல இந்த மெயில்களைப் படிக்கற ஆளுதான். ஒடிசா, பீகார்ல இருந்தெல்லாம் வருது. வேலை வேணும்னு மட்டும் எழுதுனா, எப்ப வருவாரு, குடும்பத்தோடயா, தங்க இடம் வேணுமான்னு நாந்தான் ஒவ்வொண்ணா கேக்கணும். ஷிப்மென்ட் நெருக்கடில அதுக்கு நேரமே இருக்காது. 'ஒரு மாச நோட்டீஸ், தனியா வர்றேன், ரூம் நானே பாத்துக்கறேன்'னு எழுதுன மெர்ச்சண்டைசருக்குத்தான் முதல்ல போன் போட்டேன்.

அன்னூர்க்காரன்: ஒடிசாவுல இருந்து வர ரயில் டிக்கெட் போதும் அம்மணி. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க. என் தங்கச்சி பையன் 'ஸ்பான்சர்ஷிப் குடுத்தா எந்த வேலையும் செய்வேன்'னு முதல் வரிலயே எழுதுனான். ஒருத்தரும் பதில் போடல.

பனியன் கம்பெனி எச்ஆர்: விசாவைச் சொன்னதால இல்லீங்ணா. எந்த வேலையும் செய்வேன்னா எந்த வேலைக்குன்னு எடுக்கறது?

ஈரோடு டு ஸ்டுட்கார்ட்: ஜெர்மனி சங்கதி வேறங்க. இங்க ஸ்பான்சர் லைசென்ஸ்னு ஒண்ணு கிடையாது. படிப்பு செல்லுமான்னு பாப்பாங்க. வெளிநாட்டுப் படிப்பு இங்க செல்லுமான்னு காட்டற அனபின் தளத்துல உங்க காலேஜும் டிகிரியும் இருக்கான்னு தேடி, அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப்பா மெயில்ல சேத்துருங்க. சின்ன கம்பெனிக்காரங்களுக்கு வெளிநாட்டு ஆளை எடுக்கற வழியே தெரியாம இருக்கும். கம்பெனி விண்ணப்பிச்சு 411 யூரோ கட்டுனா விசாவுக்கு விரைவு நடைமுறை இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க, அவங்க பயம் பாதி போயிரும். உங்க ஜெர்மன் மொழி ஏ2ன்னா, அதாவது ஆரம்ப நிலைன்னா, ஏ2ன்னே போடுங்க. மெயிலை அழகான ஜெர்மன்ல யாரையாவது எழுதித் தரச் சொல்லிட்டு, போன் வந்தப்ப முழிச்சா வேலை அங்கயே போச்சு.

சிங்காநல்லூரான்: அப்ப இப்படிங்களா? சப்ஜெக்ட்ல 'சிஎன்சி புரோகிராமர், ஃபானுக், 6 வருச அனுபவம்'. முதல் பத்தில நான் ஓட்டுன வேலை. கடைசிப் பத்தில 'இந்தியாவுல இருக்கேன், வேலை விசா வேணும், டிகிரி அனபின்ல இருக்கு, நோட்டீஸ் 2 மாசம்'.

அன்னூர்க்காரன்: கடைசில வச்சீங்கல்ல, அது சரி. முதல் வரில வேண்டாம்ங்கறதுல நான் மாறல. பிரிட்டனுக்கு அம்மணி சொன்ன பட்டியலைப் பாத்துட்டுப் போடுங்க. ஒரே மெயில்ல நாப்பது கம்பெனி அட்ரஸையும் தெரியற மாதிரி அடுக்கி அனுப்பிராதீங்க.

பனியன் கம்பெனி எச்ஆர்: கடைசின்னாலும் மெயிலுக்குள்ளயே இருக்கட்டும் தம்பி, ரெஸ்யூம் ரெண்டாம் பக்கத்துல வைக்காதீங்க. ரெஸ்யூமைத் திறக்காமயே முடிவு பண்ற நாளு எனக்கே நெறைய இருக்கு.