கல்லீரலில் ஹைடாடிட் கட்டி: ஊசியால் நீரை எடுத்தால் போதுமா?

பேரையூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். பேரையூர் அருகே தலைமுறை தலைமுறையாகச் செம்மறி வளர்த்து, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுப் பிழைத்துவரும் குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு வயது 52. வலது விலாவுக்குக் கீழே கனமாக இருப்பதாகச் சில மாதங்களாகச் சொல்லிவந்தவரை மதுரைக்கு அழைத்துச் சென்று ஸ்கேன் எடுத்ததில், கல்லீரலின் வலப்பகுதியில் 8 செ.மீ. அளவுள்ள நீர்க்கட்டியும் அதற்குள் பல சிறு கட்டிகளும் தெரிவதாகவும், ஹைடாடிட் ஆக இருக்கலாம் என்றும் அறிக்கை வந்துள்ளது. இது புற்றுநோயா? "வெறும் தண்ணீர்தானே, ஊசியால் உறிஞ்சிவிடலாம்" என்கிறார் உறவினர் ஒருவர். ஆபரேஷன் என்றாலே அம்மா அழுகிறார். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்:
தம்பி, ஹைடாடிட்தான் என்று உறுதியானால் இது புற்றுநோய் இல்லை. நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம் கல்லீரலில் தங்கி வளர்த்துக்கொண்ட பை இது. ஆனால் அதற்குள் இருப்பது வெறும் தண்ணீரும் இல்லை. அந்த நீரில் எண்ணற்ற புழுத்தலைகள் மிதக்கின்றன. அது வயிற்றுக்குள் கசிந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்படலாம், சிந்திய தலைகள் சில ஆண்டுகளில் வயிறெங்கும் புதிய கட்டிகளாகவும் வளரலாம். ஆகவே போகிற போக்கில் யாரும் ஊசி குத்த அனுமதிக்காதீர்கள்.

ஊசி வழிச் சிகிச்சை என்று முறையாகவே ஒன்று உண்டு. அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையைத் தொடங்கிய பின், ஸ்கேனில் பார்த்தபடியே நீரை எடுத்து, புழுக்கொல்லி மருந்தைச் செலுத்தி, சிறிது நேரம் கழித்து அதையும் உறிஞ்சுவார்கள். உள்ளே தடுப்புகள் இல்லாத ஒற்றைப் பைக்கே அது பொருந்தும். உங்கள் அம்மாவுக்கு உள்ளதுபோல் குட்டிக் கட்டிகள் நிறைந்திருந்தால், ஒவ்வொன்றும் தனித்தனி அறை என்பதால் மருந்து எல்லாவற்றையும் சென்றடையாது. அந்நிலையில் அறுவைச் சிகிச்சையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

அறுவையின்போது, சிந்தினாலும் பரவாதபடி கட்டியைச் சுற்றி 20% உப்புக் கரைசலில் நனைத்த துணிகளை அடுக்கிவிட்டுத்தான் பையைத் திறப்போம். உள்ளே நுங்குச் சதைபோல் வெளுத்து வழுவழுப்பாக இருக்கும் சவ்வையும் குட்டிக் கட்டிகளையும் முழுமையாக எடுத்த பின், பித்தநீர் கசியும் வாய் இருக்கிறதா என்று பொறுமையாகத் தேட வேண்டும். அப்படி இருந்தால் அதைத் தைத்து மூட வேண்டும்; அந்தக் குழிக்குள் உப்புக் கரைசலை ஊற்றவே கூடாது, பித்தக்குழாய்களை அது அரித்துவிடும். பிறகு வயிற்றுக் கொழுப்புத்திரையின் ஒரு பகுதியைக் குழியில் வைத்து நிரப்புவதுண்டு. பின்னால் வரக்கூடிய முக்கியத் தொல்லை பித்தக் கசிவுதான். அது பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும், நில்லாவிட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பார்கள். அல்பெண்டசோலைக் கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் நன்றாக உடலில் சேரும். அதைச் சாப்பிடும் காலத்தில் கல்லீரல் என்சைம்களையும் வெள்ளணுக்களையும் பரிசோதித்து வரவேண்டும்.

திருமங்கலத்துக்காரர்:
என் அண்ணனுக்கு இதே கட்டிக்கு அறுவை நடந்து இன்று நலமாக இருக்கிறார். நுரையீரலிலும் இக்கட்டி வரக்கூடும் என்பதால் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். உங்கள் அம்மாவுக்கும் கேட்டுப் பாருங்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இரைப்பை குடல் அறுவைச் சிகிச்சைக்குத் தனித்துறை உள்ளது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் ஸ்கேன் படங்களையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கால்நடைத் துறையில் இருந்தவர்:
கிடைக்குக் காவலாக நாய் வைத்திருப்பீர்கள். கிடா வெட்டின்போது ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கொப்புளம் இருந்தால் அதை அறுத்து நாய்க்கு எறிவது நம் ஊர்களில் வழக்கம். நோய்ச் சுழற்சி அங்கேதான் தொடர்கிறது. நாயின் கழிவில் வெளியேறும் முட்டைகள் அதன் ரோமத்திலும் கீரையிலும் ஒட்டி நம் வாய்க்குள் போகின்றன. ஆட்டுக்கறி சாப்பிடுவதால் மனிதருக்கு இது வராது. கழிவு உறுப்புகளை எரியுங்கள், அல்லது நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். நாய்க்கு பிராசிகுவான்டல் என்ற குடற்புழு மாத்திரையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முறையாகக் கொடுத்து வாருங்கள்.

பேரையூர்வாசி:
மிக்க நன்றி, ஐயா. திங்கட்கிழமை அம்மாவை அழைத்துச் செல்கிறோம். என் தங்கையும் சிறுவயது முதல் அந்த நாய்களோடுதான் வளர்ந்தாள்; இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். அவளுக்கும் ஸ்கேன் எடுக்கலாமா?

ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்:
தாராளமாக எடுக்கலாம், அல்ட்ராசவுண்டால் குழந்தைக்குத் தீங்கில்லை. வீட்டில் உள்ள எல்லோருமே ஒருமுறை எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் அம்மாவுக்குத் தரும் அல்பெண்டசோலைத் தங்கை தானாக எடுத்துச் சாப்பிடக் கூடாது; கட்டி ஏதும் தெரிந்தால் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.