17 அடி மொன்டாக் போட்டா, 19 அடி ப்ளாட் பாட்டம் போட்டா? அம்மா, பசங்களோட போக எது சரி?

டாம்பா_அப்பா:
வணக்கம் மக்களே. டாம்பால இருக்கோம், பசங்களுக்கு 5, 9 வயசு, ஊர்ல இருந்து அம்மாவும் வந்திருக்காங்க. மீன் பிடிக்கிறதெல்லாம் சும்மா பேருக்குதான், ஃபோர்ட் டி சோட்டோ பார்க்ல போட்டை இறக்கி எக்மான்ட் கீ தீவுக்குப் போய் மணல்ல விளையாடிட்டு புளிசாதம் சாப்பிட்டுட்டு வரணும், அவ்ளோதான். ரெண்டு பழைய சென்டர் கன்சோல் போட் (ஸ்டீயரிங் நடுவுல இருக்கறது) பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு பாஸ்டன் வேலர் 170 மொன்டாக், 90 எச்பி மெர்க்குரி. இன்னொண்ணு 19 அடி ப்ளாட் பாட்டம் ஸ்கிஃப், அதாவது அடிப்பக்கம் சப்பையா இருக்கற போட், பிராண்ட் சொல்லல, சொன்னா அதுலயே சண்டை ஆரம்பிச்சிடும். ஸ்கிஃப் வெல கம்மி, ட்ரெய்லர்ல ஏறி நின்னு பாத்தா வீட்டு ஹால் மாதிரி இருக்கு. மனசு அங்கதான் போகுது. மொன்டாக் முங்கவே முங்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க, அதுக்காக காசு கூட குடுக்கலாமா?

உப்புக்காத்து:
ப்ரோ, முங்காதுங்கறத மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. 1961ல ஒரு வேலர் போட்டை ரம்பத்தால ரெண்டா அறுத்து பாதியிலயே ஓட்டிக் காட்டினாங்க, லைஃப் பத்திரிகைல வந்துச்சு, அதுல இருந்து அந்தப் பேரு. ஆனா 20 அடிக்குக் கீழ இருக்கற சாதாரண அவுட்போர்ட் (பின்னாடி வெளிய எஞ்சின் மாட்டற) போட் எதுவா இருந்தாலும் தண்ணி ரொம்பினாலும் மட்டமா மிதக்கணும்னு இங்க விதியே இருக்கு. போட்டோட அடிப்பக்கம் எப்படி இருக்குன்னு பாருங்க. டாம்பா பே சராசரி ஆழமே 11, 12 அடிதான், மத்தியானம் கடல்காத்து ஏறிச்சுன்னா அலை குட்டையா கிட்டகிட்ட வரும், சப்பை அடி ஒவ்வொண்ணு மேலயும் டமார் டமார்னு விழும். நின்னா சப்பை அடி ஆடாது, ஓடினா மொன்டாக் மாதிரி வி ஷேப் அடிதான் சுகம்.

அணியம்:
தம்பி, நான் ராமநாதபுரம் பக்கம், அப்பா கடலுக்குப் போனவர். முன் பக்கத்த எங்க ஊர்ல அணியம்னு சொல்லுவோம், எந்த போட்லயும் தூக்கிப் போடறது அங்கதான் ஜாஸ்தி. அம்மாவ அங்க மெத்தை போட்டு உக்கார வெச்சு ஓட்டிடாதீங்க, இடுப்பு போயிடும். பின்னாடி நடுவுல உக்கார வைங்க, கைப்பிடி எட்டணும். விக்கிறவர் காலைல 8 மணிக்குதான் கூப்பிடுவார், அப்ப எல்லா போட்டும் நல்லாத்தான் ஓடும், நீங்க 3 மணிக்குப் போங்க, குடும்பத்தோட.

உப்புக்காத்து:
அண்ணன் சொல்றது கரெக்ட். அப்புறம் இன்னொண்ணு ப்ரோ, போட் ஓடறப்ப சின்னவனுக்கு லைஃப் ஜாக்கெட் கழட்டவே கூடாது, ஃப்ளோரிடால 6 வயசுக்குக் கீழன்னா சட்டம். நீங்க 1988 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கப்புறமோ பொறந்தவர்னா போட்டிங் கார்டு எடுக்காம ஓட்ட முடியாது.

டாம்பா_அப்பா:
சனிக்கிழமை ரெண்டுலயும் 3 மணிக்கே போயிட்டு வந்தோம். ஸ்கிஃப்ல பாதி தூரத்துலயே டிபன் கேரியர் கொக்கி கழண்டு தயிர்சாத டப்பா உருண்டு என் காலடிக்கு வந்துச்சு, அம்மா ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுட்டு ஒரு வார்த்தை பேசல, இறங்குனதும் "இதுக்கு நம்ம ஊர் டவுன் பஸ்ஸே தேவல"ன்னாங்க 😂 மொன்டாக் குதிக்கவே இல்லன்னு சொல்ல மாட்டேன், வேகத்தக் கொறைச்சா அம்மா பேச ஆரம்பிச்சாங்க. தண்ணி தெறிச்சு சின்னவன் முழுக்க நனைஞ்சான், அவனுக்கு அதான் புடிச்சிருந்துச்சு. எடம் கம்மிதான், அஞ்சு பேரும் கூலரும் ஏறினா நகர முடியல. ஆனாலும் மொன்டாக்தான்னு முடிவு பண்ணிட்டேன். நிழல் சுத்தமா இல்ல, மடக்கற பிமினி (துணிக் கூரை) போட்டா போதுமா?

அணியம்:
போதும், ஆனா காத்து ஜாஸ்தியானா மடக்கிடுங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி ட்ரெய்லரோட எடை மேடைல ஏத்திப் பாருங்க, இருக்க வேண்டியதவிட ரொம்ப கூட வந்தா உள்ள மிதக்க வைக்கற ஃபோம்ல தண்ணி எறங்கியிருக்கலாம். வீல் பேரிங்கும் பாருங்க, உப்புத் தண்ணில முதல்ல போறது அதான்.