புதுப்பிப்பு: வளைந்த மூக்குக்கு ஃபில்லரா, அறுவை சிகிச்சையா?

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பழைய அடியால் சாய்ந்த மூக்குக்கு ஃபில்லர் (தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் ஜெல்) போதுமா என்று கேட்டிருந்தேன். 'முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்' என்ற யோசனைதான் கைகொடுத்தது.

எண்டோஸ்கோப்பியில் (மூக்குக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது) இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுத்தடுப்பும் வளைந்திருப்பது தெரிந்தது. ஃபில்லர் பள்ளத்தை நிரப்பி வளைவை மறைக்குமே தவிர நிமிர்த்தாது, மூச்சுக்கும் உதவாது. ரத்தக்குழாயை அடைத்தால் தோல் கருகலாம், அரிதாகப் பார்வையே போகலாம் என்றார் மருத்துவர். சரி, வேண்டாம் என்று விட்டேன். தடுப்பை மட்டும் நேராக்கினால் மூச்சு சரியாகும், ஆனால் சாய்ந்த எலும்பு அப்படியே இருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்யும் செப்டோரைனோபிளாஸ்டி என்ற அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். எலும்பை வெட்டி நடுவுக்கு நகர்த்தி, தடுப்பிலிருந்து எடுத்த குருத்தெலும்பையே தாங்கலாக வைத்தார்கள். (சிலர் சொன்ன, வெளியே மாட்டும் மூக்கு கிளிப் எலும்பை நகர்த்தாது.)

எதிர்பாராதது: வலியைவிட மூக்கடைப்புதான் படுத்தியது, தூக்கமே போச்சு. மேல் முன்பற்கள் கொஞ்ச நாள் மரத்துக் கிடந்தன, அப்புறம் சரியானது.

இப்போது மூச்சு தாராளம். உற்றுப் பார்த்தால் லேசான வளைவு இன்னும் தெரிகிறது. வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகலாமாம், அதனால் இது இறுதி வடிவம் அல்ல.