ஓக் மொட்டும் புழுவும்: ‘பருவப் பிறழ்வு’ சரியா?

ரோஸ் ஹில்லிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

மொரிசியஸில் மேல்வகுப்பு மாணவர்களுக்குப் புவி சூடேறுவது பற்றி ஒரு வாசிப்புப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஃபீனாலஜிகல் மிஸ்மேட்ச்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இலை தின்னும் புழு முட்டையிலிருந்து வெளிவரும் நாளும், அது தின்ன வேண்டிய தளிர் விரியும் நாளும் முன்பு ஒத்துப்போயின; இப்போது வெப்பம் கூடி, ஒன்று முந்த மற்றது பிந்துகிறது. அதற்குப் பெயர் வேண்டும். ‘பருவப் பிறழ்வு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ரீயூனியன் தீவின் சென் அந்த்ரே அம்மா ‘வம்பப் பருவம்’ என்று சொன்னார்கள். பூச்சி வளர நாள்தோறும் சேர்க்கும் சூட்டை அளக்கும் ‘டிகிரி-டே’ என்பதற்கும் ஒரு சொல் தேவை. பெரியவர்கள் உதவ வேண்டும்.

குவாத்ர் போர்னிலிருந்து

தம்பி,

பாடம் நன்றாக வந்திருக்கிறது. ‘பிறழ்வு’ மட்டும் உறுத்துகிறது. பிறழ்வு என்றால் யாரோ வழி தவறிவிட்டார்கள் என்று பொருள்படும். இங்கே தவறியது யார்?

நெதர்லாந்தின் ஓக் காடுகளில் நடந்ததைப் பாருங்கள். அங்கே குளிர்கால அந்துப்பூச்சி என்று ஒன்று உண்டு. அதன் பெண்ணால் பறக்க முடியாது. குளிர் தொடங்கும்போது மண்ணிலிருந்து எழுந்து, அடிமரத்தில் நடந்தே ஏறி, கிளையில் முட்டையிட்டுவிட்டு மடியும். வசந்தத்தில் முட்டை பொரியும்போது ஓக் மொட்டு அவிழ்ந்திருக்க வேண்டும். அவிழவில்லையென்றால் புழு சில நாட்களில் பட்டினியால் சாகும். பிந்திப் பொரிந்தாலும் கேடுதான்: இலை முற்றி, துவர்ப்பேறி, தின்ற புழு தேறாது. வசந்தம் சூடேறியபோது மொட்டும் முந்தியது, முட்டையும் முந்தியது. ஆனால் முட்டை கூடுதலாக முந்திவிட்டது. ஒரே வெயிலை இரண்டும் வெவ்வேறு தராசில் நிறுத்தன. மரத்தின் கணக்கிலும் பிழையில்லை, புழுவின் கணக்கிலும் பிழையில்லை. ஒன்றைவிட்டு ஒன்று விலகின, அவ்வளவுதான்.

அதோடு முடியவில்லை. முந்திப் பொரிந்தவை செத்தன, பிந்தியவை பிழைத்துப் பெருகின. பத்தே ஆண்டுகளில் முட்டை பொரியும் காலம் மரபிலேயே பின்னுக்கு நகர்ந்திருப்பதை 2013இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆகவே நமக்கு வேண்டியது விரியவும் சுருங்கவும் இடம் தரும் சொல். ‘எட்டு நாள் விலகல்’, ‘விலகல் குறைந்தது’ என்று எழுதலாம். ‘எட்டு நாள் பிறழ்வு’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு மறுக்கும்.

இனி ‘பருவம்’. மொரிசியஸில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கார், கூதிர், முன்பனி என்று ஆறு பெரும்பொழுதையும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். வெளியே வந்து பார்த்தால் மார்கழியில் வியர்த்துக் கொட்டுகிறது, ஆடியில் கம்பளி தேட வேண்டியிருக்கிறது. தைப்பூசத்தன்று தார்ச்சாலையில் காவடி எடுப்பவர் பாதத்தைக் கேட்டால் சொல்லும் பருவம் எது என்று. நம் பிள்ளைகளுக்குப் பருவம் என்பது ஏற்கெனவே தலைகீழாகத்தான் இருக்கிறது. அதில் பிறழ்வு வேறா?

‘வம்பப் பருவம்’ அழகான யோசனை. குறுந்தொகை 66ஆம் பாட்டில், பருவமல்லாத மழையைக் கார்மழை என்று நம்பிக் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்ட கொன்றையை மடமை உடையது என்கிறாள் தோழி. அந்த மழைக்குத்தான் ‘வம்ப மாரி’ என்று பெயர். ஆனால் இரண்டு தடை. ஒன்று, இன்றைய வாசகர் ‘வம்பு’ என்றதும் அக்கம்பக்கத்துச் சண்டையைத்தான் நினைப்பார். இரண்டாவது தடை பெரியது: அங்கே ஏமாந்தது கொன்றை மட்டும். பாட்டில் புழு இல்லை. நமக்குத் தேவை இரண்டு உயிர்களுக்கு நடுவே விழும் இடைவெளியின் பெயர்.

எனவே உழவர் பேச்சுக்குப் போகலாம் என்கிறேன். ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று சொல்கிறோம் அல்லவா? ஒரு வேலைக்கு வாய்த்த காலவெளி பட்டம். பட்டம் தப்பினால் நட்டம். மாதம் தலைகீழானாலும் பட்டம் தலைகீழாகாது. எந்த ஊரிலும் எந்தப் பயிருக்கும் ஒரு பட்டம் உண்டு. ஓக் மரத்துக்குத் தளிர்ப்பட்டம், புழுவுக்குப் பொரிபட்டம். இரண்டும் விலகினால் பட்டவிலகல். உயிர்களின் பருவ நிகழ்வுகளை ஆராயும் ஃபீனாலஜி என்ற துறைக்கே ‘பட்டவியல்’ என்று பெயர் வைக்கத் துணிவேன். அதை இப்போது வற்புறுத்தவில்லை.

டிகிரி-டே. பூச்சிக்கு உடற்சூடு சொந்தமில்லை, வெளிச்சூடுதான் அதற்கும் சூடு. ஒரு கீழெல்லை உண்டு; அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலே ஒவ்வொரு நாளும் கிடைக்கும் சூட்டை, வங்கிக் கணக்கில் போடுவது போல் சேர்த்துக்கொண்டே வரும். குறித்த தொகை சேர்ந்ததும் அடுத்த நிலைக்குப் போகும். எண்களைக் கணக்குக்காகச் சொல்கிறேன்: கீழெல்லை 10 டிகிரி, நாளின் சராசரி 25 என்றால் அன்றைய வரவு 15. முட்டையிலிருந்து அந்துப்பூச்சி ஆக 600 வேண்டுமென்றால் 40 நாள். சராசரி 27 ஆனால் வரவு 17, ஏறக்குறைய 35 நாள் போதும். வெறும் 2 டிகிரிதான். ஆனால் ஒரு தலைமுறைக்கு ஐந்து நாள் மிச்சமானால், நீண்ட கோடையில் கூடுதலாக ஒரு தலைமுறையே எட்டிப் பார்க்கும். குளிர்ந்த மேட்டு ஊரான கியூர்பைப்பில் ஆமையாக வளரும் பூச்சி, வெப்பமான கடலோரப் போர்ட் லூயிஸில் ஓடுவது இதனால்தான்.

பாடத்தில் ஒரு எச்சரிக்கையும் சேருங்கள். வரவு ஏறிக்கொண்டே போகாது. ஒரு மேலெல்லையைத் தாண்டினால் வளர்ச்சி சட்டென்று சரியும், பூச்சி சாகும். வெப்பமண்டலப் பூச்சிகள் பல ஏற்கெனவே அந்த எல்லைக்குப் பக்கத்தில் வாழ்கின்றன. ஒரு டிகிரி கூடினால் நெல், மக்காச்சோளம், கோதுமை மூன்றிலும் பூச்சியால் வரும் இழப்பு 10 முதல் 25 சதவீதம் கூடும் என்று 2018இல் வந்த கணிப்பில், பெரிய அடி குளிர்மிதமான நாடுகளுக்குத்தான்.

சொல்லுக்கு வருகிறேன். ‘பாகைநாள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பாகை வடிவியல் வகுப்பில் கோணம். ‘டிகிரிநாள்’ என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆள் மூன்று நாள் வேலை செய்தால் ஆறு ஆள்நாள் என்று கணக்கெழுதிய பரம்பரை நாம். அந்த அச்சில் டிகிரிநாள் சிக்கலில்லாமல் உட்காரும். தமிழ் கெட்டுவிடாது.

சென் அந்த்ரேயிலிருந்து

ஐயாவுக்கு வணக்கம்.

வம்பை விட்டுவிடுகிறேன். ஆனால் பட்டவிலகல் என்றதும் யாரோ பல்கலைக்கழகப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று தோன்றியது. எங்கள் வீட்டுச் சிறுவனுக்குப் பட்டம் என்றால் வாலும் நூலும்தான்.

இருந்தாலும் உங்கள் சொல்லுக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். ரீயூனியனில் கரும்பைத் துளைக்கும் புழு, தமிழ்நாட்டு உழவர் இடைக்கணுப்புழு என்று சொல்லும் அதே இனம். அதை அடக்க டிரைக்கோகிரம்மா என்ற நுண்குளவியை இங்கே வயலில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அட்டையில் ஒட்டி வயலில் கட்டுகிறார்களே, அதுதான். அந்தக் குளவி அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். வயலில் முட்டை இருக்கும் நாளில் விட்டால்தான் பயன். புழுவாகிவிட்டால் குளவிக்கு வேலையில்லை. ஆகக் கரும்புக்கு ஒரு பட்டம், புழுவுக்கு ஒன்று, குளவிக்கு ஒன்று. மூன்றும் வெப்பத்தை ஒரே அளவில் எடுத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது? ‘முரண்’, ‘இணை’ என்று வரும் சொற்கள் இரண்டு பேருக்கே போதும். விலகல் மூன்று பேரையும் தாங்குகிறது.

இன்னொன்று. எங்கள் தீவில் கடற்கரையிலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயரும் மலை இருக்கிறது. ஏறும்தோறும் குளிரும். கீழே பாகற்காயையும் பீர்க்கங்காயையும் கெடுக்கும் ஈ ஒன்று. மேலே சலாசி மலைப்பகுதியின் சூசூ (சௌசௌ) பந்தல் பக்கம் போனால் ஆட்சி வேறு ஈயின் கையில். வெப்பம் கூடினால் கீழே இருப்பது மேலே ஏறப் பார்க்கும். இது காலத்தில் நடக்கும் விலகல் இல்லை, இடத்தில் நடப்பது. இதையும் பட்டவிலகல் என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. தம்பி பாடத்தில் பிரித்துக் காட்ட வேண்டும்.

குவாத்ர் போர்னிலிருந்து

அம்மா சொன்னது சரி. இடத்தில் நடப்பதற்கு ‘மேலேற்றம்’ போதும், புதுச்சொல் வேண்டாம்.

காற்றாடிக் குழப்பத்துக்கு மருந்து முன்னொட்டுதான். முதல் முறை ‘தளிர்ப்பட்டம்’, ‘பொரிபட்டம்’ என்று எழுதிவிட்டு, பிறகு ‘பட்டவிலகல்’ என்று சொன்னால் நூலும் வாலும் நினைவுக்கு வராது. ஆடிப்பட்டம் என்றதும் ஆடி மாதத்தில் யாராவது காற்றாடி விடுகிறார்களா?

இங்கே அது விடத் தோதான காற்றுள்ள மாதம்தான் என்று இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. போகட்டும்.

ரோஸ் ஹில்லிலிருந்து

இருவருக்கும் நன்றி. பட்டவிலகல், தளிர்ப்பட்டம், பொரிபட்டம் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ‘பட்டவியல்’ இப்போதைக்கு வேண்டாம். ‘பருவநிகழ்வியல்’ என்று ஏற்கெனவே புழங்குவதை அடுத்த பதிப்பு வரை விட்டுவைக்கலாம். ஓக் யாருக்கும் தெரியாது என்பதால் மாமரத்தையும் ஒரு பத்தியில் சேர்த்திருக்கிறேன்: ஆடியின் குளிர்ந்த இரவுகள்தான் அதைப் பூக்கத் தூண்டுகின்றன, குளிர் மங்கினால் பூப்பட்டம் சிதறும் என்று.

செவ்வாய்க்கிழமை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். டிகிரிநாள், சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

குவாத்ர் போர்னிலிருந்து

ஆள்நாளைப் போல. சேர்த்தே.