அண்டி (முந்திரிக்கொட்டை) வேலைக்கு கானாவா, ஐவரி கோஸ்ட்டா? குடும்பத்தோட இருக்க எது வசதி?

கருங்கல்காரன்:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தம்பி நம்ம ஊரு அண்டி ஆபீஸ்ல தரம் பாக்கான். இப்ப ரெண்டு எடத்துல இருந்து கொள்முதல் வேலைக்கு கூப்பிடுகானுவ. ரெண்டும் மேற்கு ஆப்பிரிக்கா. ஒண்ணு கானாவுல டெச்சிமான், இன்னொண்ணு ஐவரி கோஸ்ட்ல புவாக்கே. சம்பளம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டாங்கிளாஸ் படிக்க மவளையும் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு போகணும்ணு நிக்கான். வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பாத்தா எது கொள்ளாம்?

குழித்துறை அண்ணன்:
முதல்ல சம்பளம் எந்தக் காசுல எழுதியிருக்குன்னு பாருங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்.

ஐவரி கோஸ்ட்ல ஓடுறது சிஎஃப்ஏ பிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க்னு கட்டி வச்சிருக்கு, அது அசையாது. கானாவோட காசு சீடி அப்படி இல்ல. 2022 டிசம்பர்ல அங்க விலைவாசி ஒரே வருஷத்துல 54.1 சதவீதம் ஏறியிருந்தது. அதே மாசம்தான் வெளிநாட்டுக் கடனைக் கட்டுறதை நிறுத்தி வச்சாங்க. 2023 மே மாசம் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) 300 கோடி டாலர் கடனுக்கு ஒத்துக்கிட்டுது. இப்படி ஒரு வருஷத்துல சீடியில சம்பளம் வாங்குறவனுக்கு, ஊருக்கு அனுப்புற பணம் ரொம்பக் குறைஞ்சு போகும். கானான்னா சம்பளம் டாலர் கணக்குல இருக்கணும், இல்லேன்னா அன்னன்னைக்கு டாலர் விலைப்படி சீடியில தரணும்.

அடுத்தது வாடகை. கானாவில் ஆறு மாசத்துக்கு மேல முன்பணம் வாங்கக்கூடாதுன்னு 1963லயே சட்டம் இருக்கு. ஆனா வீட்டுக்காரங்க ஒரு வருஷம், ரெண்டு வருஷ வாடகையை மொத்தமாத்தான் கேக்காங்க. நாலு மாசத்துல வேலை போனா அந்தப் பணம் திரும்பி வராது. அதனால முன்பணத்தை கம்பெனிதான் வீட்டுக்காரர் கையில கட்டணும். ஐவரி கோஸ்ட்ல ரெண்டு மாச முன்பணம், ரெண்டு மாச டெபாசிட்டோட முடியும்.

நாகர்கோவில் டீச்சர்:
பணக் கணக்கில் ஐவரி கோஸ்ட் முன்னால் நிற்பது சரிதான். ஆனால் பிள்ளையோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு கானாவுக்கே. தலைக்கு வருமானம் ஐவரி கோஸ்ட்டில் கானாவைவிடக் குறைவில்லை. இருந்தும் ஐ.நா. மனித வளர்ச்சிக் குறியீட்டில் 2022இல் கானா 0.602, ஐவரி கோஸ்ட் 0.534. ஆயுள், படிப்பு இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால் வரும் இடைவெளி இது.

கானாவில் தனியார் பள்ளிகளில் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தாலும் பிள்ளையை இங்கே சேர்க்கச் சிரமமில்லை. ஐவரி கோஸ்ட்டில் எல்லாம் பிரெஞ்சு. சின்னப் பிள்ளை பிரெஞ்சை ஆறேழு மாதத்தில் பிடித்துக்கொள்ளும். ஆனால் திரும்பி வந்து ஐந்தாம் வகுப்பில் உட்காரும்போது ஆங்கிலமும் தமிழும் தடுமாறும். ஆங்கிலப் பள்ளி வேண்டுமென்றால் பெருநகரமான அபிஜானுக்குத்தான் போகவேண்டும். புவாக்கேயிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். கானாவிலும் நம் டி.பி.எஸ். (டெல்லி பப்ளிக் ஸ்கூல்) பள்ளி இருப்பது தலைநகர் அக்ராவை ஒட்டிய டேமாவில். டெச்சிமானில் உள்ளூர்த் தனியார் பள்ளியைத்தான் பார்க்கவேண்டும்.

ஆஸ்பத்திரி இரண்டு ஊரிலும் உண்டு. டெச்சிமானில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஹோலி ஃபேமிலி, புவாக்கேயில் பல்கலைக்கழக மருத்துவமனை. அண்டி சீசன் பிப்ரவரி முதல் ஜூன் வரை. அந்த மாதங்களில் தம்பி கிராமம் கிராமமாக அலைவார். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் தனியாக நர்ஸிடம் பேசவேண்டும். அதற்கு கானாவின் ஆங்கிலம் பெரிய துணை.

மலேரியா இரண்டு நாட்டிலும் வருடம் முழுக்க உண்டு. காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. மலேரியா என்று வந்தால் ஆர்டிமீதர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரை மூன்று நாளில் ஆறு வேளை. கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் மருந்து உடம்பில் சரியாகச் சேரும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிறவர்களுக்கு மறுபடி வரலாம். லீவில் ஊருக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தேங்காப்பட்டணம்:
சாப்பாட்டுக்கு ரெண்டு எடத்துலயும் பயப்படாண்டாம். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) இல்லாத வீடே கிடையாது. ஐவரி கோஸ்ட்ல அச்செக்கேன்னு ஒண்ணு உண்டு. மரச்சீனியைத் துருவி, புளிக்க வச்சு, சாக்குல கட்டி தண்ணியைப் பிழிஞ்சு, மணி மணியா உதுத்து ஆவியில வேக வைப்பாங்க. பாக்க ரவை உப்புமா மாதிரி இருக்கும், லேசா புளிப்பு. பொரிச்ச மீனோட நம்மாளுவளுக்கு ஒரே வாரத்துல பழகிப்போகும். 2024ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்துட்டாங்க. கானாவில் மரச்சீனியை வறுத்து காரின்னு விப்பாங்க. குடம்புளியும் மிளகாய்ப்பொடியும் இங்க இருந்தே கொண்டு போங்க.

கரண்டு ரெண்டுலயும் 50 ஹெர்ட்ஸ், நம்ம மிக்சி ஓடும். பிளக்குதான் வேற: கானாவில் தட்டையான மூணு கம்பி, ஐவரி கோஸ்ட்ல உருண்டை ரெண்டு கம்பி. கானாவில் கரண்டு போறதுக்கு டும்சோர்னு பேரே வச்சிருக்காங்க. இன்வெர்ட்டரும் தண்ணி டாங்கும் உள்ள வீடாப் பாக்கணும். ரோடு ஐவரி கோஸ்ட்லதான் மேல். அபிஜான்ல இருந்து புவாக்கே பக்கம் நாலுவழிச்சாலை போகுது. அக்ரா–குமாசி 250 கிலோமீட்டரே அஞ்சாறு மணிநேரம் இழுக்கும்.

கருங்கல்காரன்:
ரொம்ப உபகாரம். கானா லெட்டர்ல சீடியிலதான் போட்டிருக்கு. வீட்டைப் பத்தி ஒண்ணும் இல்ல.

குழித்துறை அண்ணன்:
அப்ப கையெழுத்துப் போடாண்டாம். டாலர் கணக்கு, வீட்டு முன்பணம், குடும்பத்துக்கும் விசா, வருஷத்துக்கு ஒரு டிக்கெட், இந்த நாலும் எழுத்துல வரட்டும். வந்தா கானா. வரலேன்னா தம்பி தனியா புவாக்கேக்கு ஒரு சீசன் போகட்டும்.

எங்க போனாலும் மஞ்சக்காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே போடணும், பிள்ளைக்கும் சேத்து. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுவாங்க, நாள் கேட்டுட்டுப் போங்க. ஒரு ஊசி ஆயுசுக்கும் போதும். ஊசி போட்டதுக்குத் தர்ற மஞ்ச அட்டையை பாஸ்போர்ட்டோடயே வச்சுக்கிடுங்க. திரும்பி வரும்போது அட்டை கையில இல்லேன்னா விமான நிலையத்துல இருந்தே ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்தி வைக்க இடமுண்டு.